பற்கள் தாழ்ந்த பின்

தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து நேரான ஒரு கோட்டைத் தைத்து முடிப்பவர் எவரும், அந்த நேர்த்தி தம் கையினுடையது என்றே எண்ணிக்கொள்வர். நானும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். திருமணத்தின்போது பிறந்த வீட்டார் கொடுத்த கால்மிதி எந்திரத்தில் பிள்ளைகளின் சீருடைகள், கோயிலின் பீடத் துணிகள், அண்டை வீட்டாரின் இரவிக்கைகள் என எத்தனையோ தைத்திருக்கிறேன். கோடு போட்டதுபோல் தைக்கிறேன் என்று பிறர் சொல்லக் கேட்டு உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. அந்தப் புகழில் பெரும்பகுதி எனக்குரியதன்று என்பதை, அறுபதைக் கடந்த வயதில் பேத்திக்கு ஒரு போர்வை தைக்க முற்பட்டபோதுதான் அறிந்தேன். அந்த அறிவு தையலோடு நின்றுவிடவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

எந்திரத்தின் ஊசி துணியைத் துளைத்து, மேல்நூலையும் கீழே பாபினில் உள்ள நூலையும் பிணைக்கிறது. அது நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். துணியை நகர்த்துபவை, ஊசித் தகட்டின் பிளவுகளுக்குள் வரிசையாக நிற்கும் சிறு இரும்புப் பற்கள். அவை எழுந்து துணியைப் பற்றும், ஒரு தையலின் அளவு அப்பால் தள்ளும், தாழும், பழைய இடத்திற்குத் திரும்பும். இந்நான்கு அசைவுகள் கொண்ட அமைப்புக்கு ஆலன் வில்சன் என்னும் அமெரிக்கர் 1854-இல் காப்புரிமை பெற்றார். இன்றளவும் வீட்டு எந்திரங்கள் இம்முறையிலேயே இயங்குகின்றன. மேலிருந்து பாதம் அழுத்த, கீழிருந்து பற்கள் நகர்த்த, ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் அளவாகவே விழுகிறது. துணி விலகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே தைப்பவரின் வேலை.

நான் தைக்க விரும்பியது, மேலைநாட்டார் 'குவில்ட்' என அழைக்கும் அடுக்குப் போர்வை. துண்டுத் துணிகளை இணைத்த விரிப்பு மேலே, பஞ்சுப் படலம் நடுவே, அடியில் மற்றொரு துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒரே போர்வையாக்குகிறது. அத்தையல் இல்லாவிடில் சில முறை துவைப்பதற்குள் பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும். அதே தையல் கொடியாகவும் இறகாகவும் சுழியாகவும் ஓடும்போது போர்வைக்கு அழகும் சேர்கிறது. அமெரிக்கப் பெண்கள் நெடுங்காலம் இதனைக் கையால் தைப்பதையே உயர்வாகக் கருதினர். எந்திரத் தையல் ஒரு படி தாழ்ந்தது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. 1989-இல் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் அமெரிக்கக் குவில்ட் சங்கம் நடத்திய கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபாலெர்ட் என்பவர் எந்திரத்தால் தைத்த 'கொரோனா 2: சூரிய கிரகணம்' என்னும் போர்வை முதன்மைப் பரிசைப் பெற்றது. எந்திரத் தையலுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. எந்திரம் செய்ததைக் கைத்திறன் எனலாமா என்ற வாதமும் உடன் எழுந்தது.

அந்த வாதத்துக்கு விடை, தைக்கும் முறையிலேயே இருக்கிறது. இவ்வாறு தைப்பதற்கு முன் எந்திரத்தின் பற்களைத் தாழ்த்திவிடுவர். சில எந்திரங்களில் ஒரு குமிழைத் திருப்பினால் அவை தகட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அவ்வசதி இல்லாதவற்றில் ஒரு தகட்டால் மூடிவிடுவர். அதன்பின் துணியை இழுக்க யாருமில்லை. எந்தத் திசையில் போவது, எவ்வளவு நகர்வது, எங்கே திரும்புவது அனைத்தும் தைப்பவரின் இரு கைகளைச் சேர்ந்தவை. எந்திரம் ஊசியை ஏற்றி இறக்குவதோடு சரி. நம் நாட்டுப் பெண்களுக்கும் இது அந்நியமன்று. கன்னியர் மடங்களைச் சார்ந்த தையற் பள்ளிகள் பலவற்றில் 'மெஷின் எம்பிராய்டரி' என்று கற்பிக்கப்படுவதும் இதே முறைதான். அங்கே பாதத்தையும் கழற்றிவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கிப் பூவேலை செய்வார்கள். இளமையில் நான் அதைக் கற்கவில்லை. நேர்த்தையல் போதும் என்று இருந்துவிட்டேன்.

பேத்தி பிறந்தபின் எங்கள் பங்கிலுள்ள முதிய அருட்சகோதரி ஒருவரிடம் கற்கச் சென்றேன். பற்களைத் தாழ்த்தி, பாதத்தைக் கழற்றி, மிதித்தேன். நாலு தையல் விழுவதற்குள் எந்திரம் முனகி நின்றது. துணியின் அடியில் நூல் குருவிக்கூடுபோல் சிக்கியிருந்தது. சகோதரி சிரித்தார். "பாதம் இல்லைன்னாலும் பிடியை இறக்கணும்மா. இறக்கலைன்னா நூலுக்குப் பிடிமானம் ஏது?" பாதத்தை ஏற்றி இறக்கும் அந்தப் பிடிதான் மேல்நூலை இறுக்கும் வில்லைகளையும் நெருங்கச் செய்கிறது. அழுத்துவதற்குப் பாதமே இல்லாதபோதும், கண்ணுக்குத் தெரியாத அந்த இறுக்கம் இருந்தாக வேண்டும்.

பிடியை இறக்கினேன். நூல் சிக்கவில்லை. ஆனால் விழுந்த தையல்களைத் தையல் என்று சொல்ல நா கூசும். ஓரிடத்தில் எறும்பு மொய்த்ததுபோல் நெருங்கியும், அடுத்த இடத்தில் அரை விரல் நீளத்துக்குத் தாவியும் கிடந்தன. கால் வேகமாக மிதிக்கையில் கை தயங்கினால் தையல் சிறுத்து நெருங்கும். கை விரைகையில் கால் பின்தங்கினால் நீளும். ஊசி துணிக்குள் இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் ஊசியே ஒடியும். கோலமிடத் தெரிந்தவளுக்கு வளைகோடு எளிது என எண்ணியிருந்தேன். கோலத்தில் தரை அசையாது, விரல் அசையும். இங்கோ எழுதுகோல் நின்ற இடத்தில் நிற்க, தாளை நகர்த்தி எழுத வேண்டியிருக்கிறது. நாற்பது ஆண்டு நேர்த்தையல் இதற்கு எவ்வகையிலும் கைகொடுக்கவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை உறுத்தத் தொடங்கியது. இத்தனை காலம் நேராகத் தைத்தது யார்?

இக்கேள்வி துணியைப் பற்றியது மட்டுமாயின் மறந்திருப்பேன். என் மகன் பெங்களூரில் பணிபுரிகிறான். வீட்டில் இருந்தவரை ஞாயிறு திருப்பலிக்குத் தவறியதில்லை. பீடச் சிறுவனாக இருந்தவன். மறைக்கல்வித் தேர்வுகளில் பரிசு பெற்றவன். வேலைக்குச் சென்ற இரண்டாம் ஆண்டிலேயே கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டான் என அறிந்து, தொலைபேசியில் கடிந்துகொண்டேன். அவன் கோபப்படவில்லை. "நீங்க கூட்டிட்டுப் போனீங்க, நான் வந்தேம்மா. இங்கே கூட்டிட்டுப் போக யாரும் இல்லை" என்றான். அச்சொல்லை அன்று திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். எந்திரத்தின் முன் அமர்ந்து, தாறுமாறான என் தையலைப் பார்த்தபோதுதான் அது வெறும் உண்மை என்று விளங்கியது. அவனுடைய நேர்கோடு என் பற்களின் நேர்கோடு. அதில் அவனுடைய கை எவ்வளவு இருந்தது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கோடு நேராக இருந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிள்ளையைப் பற்றி மட்டும் இவ்வாறு எழுதினால் அது அரை உண்மையாகும். கணவர் மறைந்தபின் மூன்று மாதங்கள் மகனுடன் அந்நகரில் தங்கியிருந்தேன். கோயில் நடக்கும் தொலைவில்தான் இருந்தது. முதல் இரு வாரங்கள் சென்றேன். மூன்றாம் ஞாயிறு செல்லவில்லை. நோயில்லை, மழையில்லை, காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. "ஏன் வரவில்லை?" என்று கேட்க அங்கே பக்கத்து வீட்டாரில்லை, என் இடம் காலியாயிருப்பதைக் கவனிக்க ஒருவருமில்லை. அதுவரை என் பக்தி என நான் கருதியிருந்ததில் எவ்வளவு பகுதி எங்கள் தெருவின் கண்கள், எவ்வளவு பகுதி கோயில் மணியோசை, எவ்வளவு பகுதி நான் என்பதை அந்தக் காலைப்பொழுது காட்டிவிட்டது. மகனைக் கடிந்த வாய் எனக்குத்தான் இருந்தது. அவன் அன்று ஒன்றும் சொல்லவில்லை. காபி கலந்து கொடுத்தான்.

காணாமற்போன மகன் உவமையை நாம் தவக்காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். இளையவனையே பெரிதும் நினைவில் வைக்கிறோம். இப்போது எனக்கு மூத்தவன்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறான். தந்தையின் கட்டளை எதையும் மீறாதவன் அவன். அவனுடைய தையலில் ஒரு கோணலும் இல்லை. ஆயினும் தம்பி திரும்பிய நாளில் வீட்டுக்குள் நுழைய அவனால் இயலவில்லை. வீட்டில் தங்கியிருந்தும் அவன் வீட்டின் மகனாக வாழக் கற்கவில்லை என்பது அன்றுதான் வெளிப்பட்டது. மற்றொன்றையும் கவனிக்கலாம். தந்தை இளையவனைத் தடுக்கவில்லை. பங்கைப் பிரித்துக் கொடுத்து அனுப்பினார். பற்களைத் தாழ்த்தினார் எனலாம். ஆனால் பிடியை அவர் ஏற்றிவிடவில்லை. மகன் தொலைவில் வருகையிலேயே கண்டுகொண்டார் என்றால், எத்தனை நாள் அந்த வழியைப் பார்த்தபடி இருந்திருக்க வேண்டும்! கட்டாயத்தை விலக்கிய பின்னும் அன்பு தன் பிடிமானத்தைத் தளர்த்தவில்லை. விட்டுவிடுவதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எண்ணுகிறேன். பிடியை இறக்க மறந்து பற்களை மட்டும் தாழ்த்துகிற பெற்றோரும் உண்டு. "அவரவர் விருப்பம்" என்று சொல்லி ஒதுங்குவது பெருந்தன்மைபோல் தோன்றும். அடியில் நூல் சிக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மனிதரின் விடுதலையைக் கடவுளின் சாயலுக்குரிய சிறந்த அடையாளமாகக் காண்கிறது. வெளியிலிருந்து வரும் வெறும் கட்டாயத்தாலோ உள்ளிருந்து எழும் குருட்டு உந்துதலாலோ நடப்பதை மனித மாண்புக்கு ஏற்றதாக அது கருதவில்லை. இவ்விரண்டில் முதலாவதை மட்டும் நினைவில் வைப்போர் கட்டுகளை அவிழ்ப்பதே விடுதலை என்பர். பற்களைத் தாழ்த்திய முதல் நாளில் நான் பெற்றது அத்தகைய விடுதலைதான். எத்திசையிலும் போகலாம், எத்திசையிலும் ஒழுங்காகப் போக முடியவில்லை. ஒரு வட்டம் போட நினைத்தால் முட்டைபோல் ஒன்று வந்தது. புனித தாமஸ் அக்குவினாஸ் நற்பண்பைப் பழக்கத்தால் நம்மில் நிலைத்துவிட்ட ஓர் ஆற்றலாகக் கண்டார். அதனை உடையவர் நன்மையை எளிதாகவும் மகிழ்வோடும் செய்வர் என்று கற்பித்தார். சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில் என் கை வட்டத்தை வட்டமாகவே போட்டபோது அதன் பொருளைச் சிறிதளவு உணர்ந்தேன். நினைத்த திசையில் போகும் ஆற்றல் கையில் ஊறியபின் வருவதே விடுதலை. முதல் நாளில் இருந்தது அதற்கான இடம் மட்டுமே.

அப்படியானால் சட்டமும் ஒழுங்கும் வீணா, பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே அவர்கள் விருப்பத்துக்கு விட்டிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். போர்வை அதற்கும் விடை தருகிறது. மேல் விரிப்புக்காகத் துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது பற்கள் மேலேதான் இருக்க வேண்டும். அங்கே நேர்கோடும் சம அளவும் இன்றியமையாதவை. ஒரு நூலிழை விலகினாலும் மூலைகள் பொருந்தா. அந்த வேலை முடிந்து, மூன்று அடுக்குகளையும் விரித்து ஊக்குகளால் பிணைத்தபின்தான் பற்களைத் தாழ்த்தும் வேளை வருகிறது. சிறுவனை அழைத்துச் சென்று காக்கும் துணையாளுக்குச் சட்டத்தை ஒப்பிட்டார் பவுலடியார். அத்துணையாள் தேவையற்றவர் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய பணிக்கு ஒரு காலம் உண்டு என்றார். என் தவறு பற்களைப் பயன்படுத்தியதில் இல்லை. இணைக்கும் வேலை முடிந்த பின்னும் அவற்றைத் தாழ்த்தாததில்தான் இருந்தது. பதினெட்டு வயது வரை ஒரு முறைகூடத் தானாகத் துணியை நகர்த்திப் பார்க்காதவனை, ஒரே நாளில் முன்பின் அறியாத நகரத்துக்கு அனுப்பிவைத்தேன். அங்கே அவன் தையல் தாறுமாறாகாதிருந்தால்தான் வியப்பு. ஞாயிறு கடன் அதனால் இலேசாகிவிடுவதில்லை. அக்கடனைத் தன்னுடையதாக ஏற்கும் கையை வளர்க்கும் பொறுப்பு என்னிடமும் இருந்தது என்பதையே சொல்கிறேன்.

அந்தக் கை எவ்வாறு வளர்கிறது? கழிவுத் துணியில். சகோதரி என்னைப் போர்வையைத் தொட விடவில்லை. பழைய சேலைத் துண்டுகளுக்கிடையே பஞ்சை வைத்து, அவற்றில் நாள்தோறும் அரைமணி நேரம் தைக்கச் சொன்னார். முதலில் தாளில் பென்சிலை எடுக்காமல் வரைய வேண்டும், பின் துணியில். ஓடைபோல் வளைந்து வளைந்து சென்று எங்கும் தன்னைத் தானே வெட்டாத கோடுதான் முதற்பாடம். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தால் அக்கோடு மூலையில் அகப்பட்டுக்கொள்ளும். போகப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டுகளில் விழுந்த கோணல் தையல்களுக்காக யாரும் என்னைக் கடியவில்லை. அவை கோணலாவதற்காகவே கொடுக்கப்பட்டவை. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு அத்தகைய துண்டுத் துணி எங்கே இருக்கிறது? சிறு பணத்தைத் தானாகச் செலவழித்துத் தவறவும், ஒரு ஞாயிறு தானாக எழுந்து புறப்படவும், புறப்படாமல் போனதைத் தானாக உணர்ந்து வருந்தவும் நாம் இடம் கொடுக்கிறோமா? ஒவ்வொரு தையலும் முதல் நாளிலிருந்தே போர்வையின் மேல் விழ வேண்டும் என்கிறோம்.

மற்றொரு பாடமும் உண்டு. ஒரு நாள் வளைவுகளெல்லாம் அழகாக வந்துவிட்டன என்று பெருமையோடு காட்டினேன். சகோதரி மேற்பக்கத்தைப் பார்க்கவேயில்லை, துணியைப் புரட்டினார். ஒவ்வொரு வளைவின் அடியிலும் இமைமயிர்போல் நூல் நீண்டு தொங்கியது. வளைவுகளில் கை தானறியாமல் விரைகிறது, அந்த விரைவு மேலே தெரியாது, அடியில் தெரியும். ஆன்ம சோதனை என்று நாம் சிறுவயது முதல் கேட்டுப் பழகியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. நேர்வழியில் நாம் பெரும்பாலும் தவறுவதில்லை, திருப்பங்களில்தான் விரைகிறோம். சினத்தில், துயரில், அச்சத்தில் என்ன செய்தோம் என்பதை அடிப்பக்கம் காட்டும். கண்டபின் செய்ய வேண்டியது ஒன்றே. அமர்ந்து, ஒவ்வொரு தையலாகப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்குத் தைப்பதைவிட நேரமாகும். பிரித்த இடத்தில் சிறு துளைகள் தெரியும். துவைத்தால் பெரும்பாலும் அவை மூடிக்கொள்ளும். ஒப்புரவு அருட்சாதனத்திலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் இப்போது அத்துளைகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

இந்நாளில் சில எந்திரங்களில் கை துணியை நகர்த்தும் வேகத்தை அளந்து, அதற்கேற்ப ஊசியின் வேகத்தைத் தானே மாற்றித் தையலைச் சமமாக்கும் கருவி வந்துவிட்டது. அதை நான் பழிக்கவில்லை. முதுமையில் கை நடுங்குவோருக்கு அது பேருதவி. எனினும் அக்கருவி தையலின் அளவை மட்டுமே காக்கும். எங்கே போக வேண்டும் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

போர்வை பதினோரு மாதங்களில் முடிந்தது. தொடங்கிய மூலையில் தையல்கள் நெருங்கியும் தாவியும் இருக்கின்றன; நடுவில் ஓரளவு சீராகின்றன; கடைசி மூலையில் ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல்களாக அமைந்திருக்கின்றன. முதல் மூலையைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாமா என்று கேட்டேன். "பேத்தி கேட்டா சொல்லுறதுக்கு ஒரு கதை இருக்கட்டும்மா" என்றார் சகோதரி. விட்டுவிட்டேன்.

கடந்த கிறிஸ்து பிறப்புக்கு மகன் வந்திருந்தான். போர்வையை விரித்துப் பார்த்தவன், பிறகு புரட்டியும் பார்த்தான். "இந்த மூலை மட்டும் ஏம்மா இப்படி இருக்கு?" என்றான். "அங்கேதான் ஆரம்பிச்சேன்" என்றேன். பெங்களூரில் நான் திருப்பலிக்குப் போகாத அந்த ஞாயிறைப் பற்றி முதன்முறையாக அவனிடம் பேசினேன். அவனுக்கு அது நினைவிருந்தது. அன்றிரவு, நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும் நேரத்தை ஒரு முறை சொன்னேன். அறைக் கதவைத் தட்டவில்லை. தட்டாதிருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அவன் வந்தானா என்பது அவனுடைய செய்தி. நான் எழுதத் தக்கதன்று. வாசல் விளக்கை மட்டும் அணைக்காமல் வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.